குருகுலம் காணாமல் உலக மேடை ஏறியவர்: நடன அமைப்பாளர் உதய் சங்கரின் வாழ்வும் படைப்பு முறையும்

புதுதில்லி: இந்திய நடனக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு வழக்கமாக ஒரு குருவின் பெயருடன் தொடங்கும். எந்த வயதில் சலங்கை கட்டினார், யாரிடம் பயின்றார், எந்த மேடையில் அரங்கேற்றம் நடந்தது என்ற விவரங்கள் முதலில் வந்துவிடும். உதய் சங்கரின் வரலாற்றில் அந்த விவரங்களுக்கு இடமில்லை.

ஓவியம் கற்பதற்காக லண்டன் சென்ற அவர், இருபத்து மூன்றாம் வயதில் உலகப் புகழ்பெற்ற பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவுக்கு இந்திய நடனங்களை அமைத்துக் கொடுத்தார். அப்போது அவர் எந்த இந்திய நடன மரபிலும் முறையான பயிற்சி பெற்றிருக்கவில்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்திய நடனம் என்றாலே நினைவுக்கு வரும் பெயராக அவருடைய பெயர் மாறியிருந்தது.

இலக்கணம் கற்காத குறையைத் தனக்கென ஒரு படைப்பு முறையாக மாற்றிக்கொண்டதே அவருடைய சாதனை. அந்த முறைக்கு நிலையான கூடம் ஒன்றை அமைக்க முயன்று, அதை இழந்ததே அவருடைய வாழ்வின் பெருந்துயரம். அந்தக் கனவில் எஞ்சியதை அவர் ஒரு திரைப்படமாக விட்டுச் சென்றார். அந்தப் படம் உருவானது சென்னையில்.

மாதாதீனின் ஆட்டம்

1900-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி ராஜஸ்தானின் உதய்பூரில் உதய் சங்கர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்கும் சூட்டப்பட்டது. வங்காளி குடும்பத்தைச் சேர்ந்த தந்தை ஷியாம் சங்கர் சௌத்ரி, வடமொழி அறிஞர், சட்டம் பயின்றவர், ஜாலாவார் சமஸ்தானத்தில் உயர்பதவி வகித்தவர். தாய் ஹேமாங்கினி தேவி, காசிப்பூருக்கு அருகிலுள்ள நஸ்ரத்பூரில் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். சிதார் மேதை ரவி சங்கர், இத்தம்பதியின் கடைசி மகன்.

தந்தை பெரும்பாலும் வெளியூர்களிலும் வெளிநாட்டிலும் இருந்ததால், உதய் சங்கரின் இளமைக்காலத்தின் பெரும்பகுதி தாய்வழி உறவினரின் ஊரிலேயே கழிந்தது. அங்கு ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மாதாதீன் என்ற நாட்டுப்புறக் கலைஞர் ஆடுவதைச் சிறுவன் ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அது பாடமாகக் கற்ற நடனம் அல்ல. கண்ணால் உள்வாங்கிய நடனம். பிற்காலத்தில் அவர் நடனம் அமைத்த விதத்தின் வித்து இந்த வேடிக்கை பார்த்தலில்தான் இருந்தது.

பள்ளி நாட்களில் ஓவிய ஆசிரியர் ஒருவர் அவருடைய தூரிகைத் திறனைக் கண்டு ஊக்குவித்தார். 1918-இல் பம்பாயின் ஜே.ஜே. கலைப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட அவர், 1920-இல் தந்தையின் அழைப்பின் பேரில் லண்டன் சென்று ராயல் கலைக் கல்லூரியில் சேர்ந்தார்.

கல்லூரியின் முதல்வராக இருந்த வில்லியம் ரோதன்ஸ்டைன், இந்தியக் கலைகளின்மீது ஆழ்ந்த மதிப்புக் கொண்டவர், தாகூரின் நண்பர். மேற்கத்திய பாணியைப் பின்பற்றிக்கொண்டிருந்த இந்திய மாணவரின் கவனத்தை அவர் சொந்த நாட்டின் கலைச் செல்வங்களின் பக்கம் திருப்பினார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இந்தியச் சிற்பங்களையும் ஓவியங்களையும் மணிக்கணக்கில் பார்த்துப் பழகும் வாய்ப்பு உதய் சங்கருக்குக் கிடைத்தது. இந்தியக் கலையை அவர் நெருங்கி ஆராயத் தொடங்கிய இடம் லண்டன் என்பது குறிப்பிடத்தக்கது.

பாவ்லோவா காட்டிய வழி

லண்டனில் இந்தியக் கலை நிகழ்ச்சிகளை நடத்துவதில் ஷியாம் சங்கர் ஆர்வம் கொண்டிருந்தார். அத்தகைய நிகழ்ச்சிகளில் மகனும் ஆடினார். இந்தியக் கருப்பொருளில் பாலே ஒன்றை அமைக்க விரும்பிய அன்னா பாவ்லோவாவுக்கு அந்த இளைஞரைப் பற்றித் தெரியவந்தது.

கீழை நாட்டு நடனங்களைத் தொகுத்து பாவ்லோவா தயாரித்த நிகழ்ச்சியில், 'இந்துத் திருமணம்', 'ராதா-கிருஷ்ணா' என்ற இரண்டு பகுதிகளை உதய் சங்கர் அமைத்தார். 1923 செப்டம்பரில் லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் அது மேடையேறியது. பாவ்லோவா ராதையாகவும் உதய் சங்கர் கிருஷ்ணனாகவும் ஆடினர். தொடர்ந்து அவருடைய குழுவுடன் அமெரிக்காவில் பல மாதங்கள் சுற்றுப்பயணம் செய்த உதய் சங்கர், மேடை ஒழுங்கு, ஒளியமைப்பு, நிகழ்ச்சி நிர்வாகம் ஆகியவற்றை அருகிலிருந்து கற்றார்.

பாலே கற்க வேண்டும் என்ற விருப்பமும் அவருக்கு எழுந்தது. அதை பாவ்லோவா ஏற்கவில்லை. இத்தனை பழைமையான நடன மரபுள்ள நாட்டைச் சேர்ந்தவர் மேற்கத்திய நடனத்தை நகலெடுக்க வேண்டியதில்லை என்பது அவருடைய உறுதியான கருத்து.

இதே பாவ்லோவாதான் சில ஆண்டுகளுக்குப் பின்னர் சென்னையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேலின் பார்வையையும் இந்திய நடனத்தின் பக்கம் திருப்பினார். ஒரே கலைஞரால் தூண்டப்பட்ட இருவரும் வெவ்வேறு பாதைகளில் சென்றனர். ருக்மிணி தேவி, வழிவழியாக வந்த சதிர் ஆட்டத்தை நட்டுவனார்களிடம் முறையாகக் கற்று, 1936-இல் கலாக்ஷேத்ராவை நிறுவி அந்த மரபுக்குப் புதிய மேடை அமைத்தார். உதய் சங்கர், எந்த ஒரு மரபுக்கும் தன்னை முழுமையாக ஒப்படைக்காமல், பல மரபுகளைப் பார்த்துத் தன் உடலுக்கு ஏற்ற மொழி ஒன்றை உருவாக்கினார். இருபதாம் நூற்றாண்டு இந்திய நடனத்தின் இரு பெரும் போக்குகள் இவ்வாறு பிரிந்தன.

பாரிஸின் வறுமை ஆண்டுகள்

1924-இல் பாவ்லோவாவின் குழுவிலிருந்து விலகிய உதய் சங்கர், தனித்து நிற்க முயன்றார். அடுத்து வந்த ஆண்டுகள் கடினமானவை. பாரிஸின் இரவு விடுதிகளிலும் சிறிய அரங்குகளிலும் ஆடிப் பிழைக்க வேண்டியிருந்தது. இந்திய இசைக்கலைஞர்களை அழைத்துவர வசதியில்லாததால், கிடைத்த இசைக்கு ஆட வேண்டிய நிலை.

இக்காலத்தில் இரு பெண்களின் துணை அவருக்குக் கிடைத்தது. ஒருவர் பாரிஸைச் சேர்ந்த பியானோ கலைஞர் சிமோன் பார்பியே. உதய் சங்கரிடம் நடனம் கற்று, சிம்கி என்ற பெயரில் பல ஆண்டுகள் அவருடைய முதன்மை நடன இணையராக விளங்கினார். மற்றொருவர் சுவிட்சர்லாந்தின் சிற்பி ஆலிஸ் போனர். உதய் சங்கரின் ஆட்டத்தைக் கண்டு வியந்த அவர், சொந்தக் குழு ஒன்றை உருவாக்கப் பொருளுதவி செய்ய முன்வந்தார்.

1930-இல் இருவரும் இந்தியா வந்தனர். எல்லோரா, அஜந்தா உள்ளிட்ட இடங்களையும் கோயில்களையும் சுற்றிப் பார்த்தனர். கேரளத்தில் கதகளியைக் கண்டது உதய் சங்கரை உலுக்கியது. அருங்காட்சியகத்தில் கல்லாகவும் வண்ணமாகவும் பார்த்திருந்த உருவங்கள் உயிர்பெற்று எழுந்து நிற்பதை அவர் அங்கு கண்டார். பின்னாட்களில் கதகளி ஆசான் சங்கரன் நம்பூதிரியைத் தன் குருவாக ஏற்றுக்கொண்டார். நம்பூதிரி அவருக்காக அமைத்துக் கொடுத்த 'கார்த்திகேயா' என்ற நடனம், அவருடைய புகழ்பெற்ற தனி நடனங்களுள் ஒன்றானது. உலகம் அவரைக் கொண்டாடத் தொடங்கிய பிறகே அவர் மாணவராக அமர்ந்தார்.

அந்தப் பயணத்தின் முடிவில் சரோத் கலைஞர் திமிர் பரண், இசைக்கலைஞர் விஷ்ணுதாஸ் ஷிராலி, சித்தப்பா கேதார் சங்கர், உறவுப் பெண் கனகலதா, தாய், தம்பியர் என ஒரு குடும்பமும் குழுவுமாகப் பாரிஸில் குடியேறினர். பத்து வயது ரவி சங்கரும் அவர்களில் ஒருவர். இந்தியாவில் திரட்டப்பட்ட ஏராளமான இசைக்கருவிகளும் அவர்களுடன் சென்றன.

1931-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி பாரிஸின் ஷாம்ஸ்-எலிசே அரங்கில் குழுவின் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. 1932 டிசம்பரில் சோல் ஹியூராக் என்ற புகழ்பெற்ற நிகழ்ச்சி அமைப்பாளரின் ஏற்பாட்டில் நியூயார்க் மேடை ஏறினர். அடுத்த சில ஆண்டுகள் ஐரோப்பா, அமெரிக்கா, கீழை நாடுகள் எனத் தொடர் பயணமாகக் கழிந்தன. சரோத் மேதை அலாவுதீன் கானும் ஒரு கட்டத்தில் குழுவுடன் பயணம் செய்தார். அந்தப் பயணத்தில் சிறுவன் ரவி சங்கருக்கு அவருடன் நெருங்கிப் பழகும் வாய்ப்புக் கிடைத்தது. 1938-இல் நடனத்தை விட்டுவிட்டு மைஹர் சென்று அவரிடம் சிதார் கற்கும் முடிவுக்கு அதுவே வழிவகுத்தது.

நடனம் முதலில், இசை பின்னர்

உதய் சங்கரின் படைப்பு முறையில் மூன்று அம்சங்கள் தனித்து நிற்கின்றன.

முதலாவது, பார்வையிலிருந்து தொடங்குவது. ஒரு சிற்பத்தின் நிலையை எடுத்துக்கொள்வார். அந்த உருவம் அந்த நிலைக்கு எப்படி வந்திருக்கும், அடுத்த கணம் அதன் தோளும் இடையும் எங்கே செல்லும் என்று உடலால் தேடுவார். கல்லில் உறைந்த இரு நிலைகளுக்கு இடையிலான வெளியை அசைவுகளால் நிரப்புவதே அவருடைய தொடக்ககால நடன ஆக்கம். தோளில் தொடங்கி விரல்நுனி வரை அலைபோல் ஓடும் கை அசைவு அவருடைய அடையாளமாக மாறியது.

இரண்டாவது, இசைக்கும் நடனத்துக்குமான வரிசையை மாற்றியது. இந்திய மரபில் பாடலும் தாளமும் முன்னரே இருக்கும். நடனம் அவற்றின் பொருளை விரிக்கும். உதய் சங்கர் முதலில் அசைவுகளை அமைத்தார். இசைக்கலைஞர்கள் அந்த அசைவுகளைப் பார்த்து அவற்றின் வேகம், நிறுத்தம், எடை ஆகியவற்றுக்கு ஏற்ப இசை அமைத்தனர். திமிர் பரணும் விஷ்ணுதாஸ் ஷிராலியும் இம்முறையில் பணியாற்றி, இந்தியக் கருவிகளைக் கொண்டே கூட்டிசைக்குப் புதிய வடிவம் கொடுத்தனர். பாடல் வரிகளின் துணை தேவைப்படாததால், மொழி தெரியாத பார்வையாளருக்கும் நடனம் புரிந்தது. அயல்நாட்டில் அவர் பெற்ற வெற்றிக்கு இது முக்கியக் காரணம்.

மூன்றாவது, மேடையை ஓவியத் திரையாகக் கருதியது. ஆடுபவர்கள் எந்த உயரத்தில், எந்தக் கோட்டில் நிற்கிறார்கள், உடையின் நிறம் பின்திரையுடன் எப்படி இணைகிறது, ஒளி எந்தத் தோளில் விழுகிறது என்பவையெல்லாம் அவருக்கு நடனத்தின் பகுதிகளே. இசைக்கலைஞர்களும் தங்கள் கருவிகளுடன் மேடையில் பார்வையாளருக்குத் தெரியும்படி அமர்ந்து, அந்தக் காட்சியின் அங்கமாயினர். இரவு முழுவதும் நீளும் நிகழ்ச்சிகளுக்குப் பழகிய நாட்டிலிருந்து வந்தவர், சில நிமிடங்களே நீடிக்கும் இறுக்கமான நடனங்களைக் கோத்து நிகழ்ச்சியை அமைத்தார். சிவன், கஜாசுரனை வெல்லும் தாண்டவ நடனமும் இருந்தது. தெருவில் காணும் பாம்பாட்டியின் நடனமும் இருந்தது. புராணமும் அன்றாட வாழ்வும் ஒரே மேடையில் ஒரே கவனத்துடன் வைக்கப்பட்டன.

இமயத்தின் மடியில் ஒரு கலைக்கூடம்

தன் முறை தன்னோடு முடிந்துவிடக் கூடாது என்ற எண்ணம் 1930-களின் பிற்பகுதியில் உதய் சங்கரிடம் வலுப்பெற்றது. இந்தியாவில் ஒரு கலை மையம் அமைக்க வேண்டும் என்ற விருப்பத்துக்கு ரவீந்திரநாத் தாகூரின் ஊக்கம் கிடைத்தது. இங்கிலாந்தின் டார்ட்டிங்டன் ஹால் நிறுவனத்தை உருவாக்கிய லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், டோரதி எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியும் அவர்களுடைய குடும்பத்தினரும் நிதியுதவி செய்தனர். சாந்திநிகேதனில் தாகூருடன் கிராமப் பணியாற்றிய எல்ம்ஹர்ஸ்ட், இந்தியாவை அறிந்தவர்.

1938-இல் வெளிநாட்டுப் பயணங்களைக் குறைத்துக்கொண்டு தாயகம் திரும்பிய உதய் சங்கர், இன்றைய உத்தராகண்டின் அல்மோராவுக்கு அருகிலுள்ள சிம்தோலாவில் 'உதய் சங்கர் இந்தியக் கலாசார மைய'த்தை நிறுவினார்.

தனக்குக் கிடைக்காத முறையான பயிற்சியைத் தன் மாணவர்களுக்குக் கொடுப்பதில் அவர் உறுதியாக இருந்தார். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமுபி சிங், இசைக்கு அலாவுதீன் கான் என அந்தந்தத் துறையின் ஆசான்கள் அழைக்கப்பட்டனர். பரதநாட்டியம் கற்பிக்கச் சென்றவர், பாலசரஸ்வதியின் ஆசானான கந்தப்ப பிள்ளை. நட்டுவாங்க மரபில் வந்த தமிழ் ஆசான் ஒருவர் இமயமலைச் சரிவில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த மாணவர்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்தார்.

ஆயினும் அந்த மையத்தின் உயிர்நாடி, உதய் சங்கரே நடத்திய வகுப்புகளில் இருந்தது. நடப்பது எப்படி என்பதிலிருந்து அவர் தொடங்கினார். மாணவர்கள் நடந்தார்கள், நின்றார்கள், திரும்பினார்கள், உடலின் எடை எங்கே இருக்கிறது என்று கவனித்தார்கள். பிறகு கற்பனைப் பயிற்சி. ஒரு சூழலோ உணர்வோ கொடுக்கப்படும். அதை மாணவர் தன் அசைவுகளால் அந்த இடத்திலேயே உருவாக்க வேண்டும். கற்ற முத்திரையைத் திருப்பிக் காட்டுவது அங்கே போதுமானதாகக் கருதப்படவில்லை. உடன் ஆடுபவரைக் கவனிப்பதும், குழுவாக ஒரு வடிவத்தை உருவாக்குவதும் பாடத்தின் பகுதிகளாயின.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மேரி விக்மனின் பள்ளியில் நவீன நடனம் பயின்று, 1935-இல் குழுவில் சேர்ந்த ஜோரா சேகல், அல்மோராவில் ஆசிரியராகவும் பாடத்திட்டத்தை வகுப்பவராகவும் பணியாற்றினார். மாணவர்களாக வந்தவர்களில் பின்னாளில் திரைப்பட மேதையாக உயர்ந்த குரு தத், நடன அமைப்பாளர்கள் சாந்தி பர்தன், நரேந்திர சர்மா, சச்சின் சங்கர் ஆகியோர் அடங்குவர். சிறுமியாகப் பாரிஸில் உதய் சங்கரின் குழுவில் இணைந்து ஆடிய அமலா நந்தி, 1942-இல் அவரை மணந்தார்.

இயந்திரமும் நிழலும்

அல்மோரா காலத்தில் உதய் சங்கரின் படைப்புகளின் கருப்பொருள் மாறியது. கடவுளரும் கந்தர்வரும் நின்ற மேடையில் தொழிலாளர்கள் வந்து நின்றனர்.

'உழைப்பும் இயந்திரமும்' என்ற படைப்பில், ஆடுபவர்களின் உடல்களே ஆலையின் உறுப்புகளாயின. கைகள் நெம்புகோல்களாயின, வரிசைகள் சக்கரங்களாயின. மண்ணோடும் கருவியோடும் இயல்பாக இயங்கிய மனித உடல், ஆலைக்குள் நுழைந்ததும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பொறியாக மாறுவதையும், இறுதியில் அது கிளர்ந்தெழுவதையும் வசனமின்றி அவர் காட்டினார். எந்த மரபு நடனத்தின் முத்திரைத் தொகுப்பிலும் இயந்திரத்துக்கு இடமில்லை. அசைவை வாழ்விலிருந்தே எடுக்கும் முறை இங்கே தன் பயனைக் காட்டியது.

ராமாயணக் கதையை நிழல் நாடகமாகவும் அவர் அமைத்தார். பெரிய வெண்திரைக்குப் பின்னால் நடனக் கலைஞர்கள் ஆட, அவர்களின் நிழல்கள் கதையைச் சொல்லின. மலைக்கிராம மக்கள் திரண்டு வந்து பார்த்தனர்.

ஆனால் காலம் எதிராக இருந்தது. இரண்டாம் உலகப் போர் வெளிநாட்டுப் பயணங்களை நிறுத்தியது. பயணங்கள் நின்றதால் வருமானமும் நின்றது. நன்கொடைகள் வற்றின. உள்ளுக்குள்ளும் மனவேறுபாடுகள் எழுந்தன. 1944-ஆம் ஆண்டு வாக்கில் மையம் மூடப்பட்டது. ஒரு மாணவர் தலைமுறை முழுப் பயிற்சியை நிறைவு செய்வதற்குக்கூட அந்தக் காலம் போதவில்லை.

சென்னையில் உருவான 'கல்பனா'

இழந்த கூடத்தைத் திரையில் மீட்டெடுக்க உதய் சங்கர் முடிவு செய்தார். சென்னையில் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் 'கல்பனா' இந்திப் படத்தின் படப்பிடிப்பு நடைபெற்றது. எழுதியவர், இயக்கியவர், நடன அமைப்பாளர், நாயகன் என அனைத்தும் அவரே. ஒளிப்பதிவைத் தமிழ்த் திரையுலகின் முன்னோடிகளில் ஒருவரான கே. ராம்நாத் மேற்கொண்டார். விஷ்ணுதாஸ் ஷிராலி இசையமைக்க, அல்மோரா மலைப்பகுதியைச் சேர்ந்த கவிஞர் சுமித்ரானந்தன் பந்த் பாடல்களை எழுதினார். நாயகியாக அமலா சங்கர் நடித்தார். பின்னாளில் தமிழகம் கொண்டாடிய பத்மினிக்கு இதுவே முதல் திரைப்படம்.

ஒரு எழுத்தாளர், திரைப்படத் தயாரிப்பாளரிடம் கதை சொல்லத் தொடங்குவதாகப் படம் விரிகிறது. இமயமலையில் கலை மையம் அமைக்கக் கனவு காணும் உதயன் என்ற நடனக் கலைஞனின் கதை அது. கனவுக்குள் கனவாக நடனங்கள் அடுத்தடுத்து வருகின்றன. இயந்திரங்களாகும் மனிதர்கள், பட்டம் பெற்றும் வழி தெரியாத இளைஞர்கள், பணத்தை வணங்கும் சமூகம், பல வட்டாரங்களின் நடன மரபுகள் என அவர் அதுவரை மேடையில் செய்தவற்றின் சாரம் அதில் இறங்கியது. முடிவில் தயாரிப்பாளர் அந்தக் கதையை ஏற்க மறுக்கிறார். படத்தின் தொடக்கத்திலேயே, காட்சிகள் விரைந்து செல்லும் என்பதால் கூர்ந்து கவனிக்குமாறு பார்வையாளர்களை உதய் சங்கர் வேண்டிக்கொண்டதும் பதிவாகியுள்ளது.

மேடையில் பார்வையாளரின் கண் ஓரிடத்தில் நிலைத்திருக்கும். திரையில் அந்தக் கண்ணைத் தான் விரும்பும் இடத்துக்கு நகர்த்தலாம் என்பதை அவர் உடனே பற்றிக்கொண்டார். நிழல், கோணம், ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் காட்சி ஆகியவை அவருடைய நடன அமைப்பின் கருவிகளாயின.

1948-இல் வெளியான 'கல்பனா' வசூலில் தோல்வியடைந்தது. படத்தின் கதையில் தயாரிப்பாளர் சொன்ன தீர்ப்பையே சந்தையும் சொன்னது. அதே ஆண்டு அதே ஸ்டூடியோவின் 'சந்திரலேகா' நாடெங்கும் பெரும் வரவேற்பைப் பெற்றது. எனினும், இளம் சத்யஜித் ரே உள்ளிட்ட ரசிகர்களிடம் 'கல்பனா' ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது.

கொல்கத்தாவில் இறுதிக்காலம்

தோல்விக்குப் பின்னரும் உதய் சங்கர் புதியவற்றைத் தேடுவதை நிறுத்தவில்லை. 1961-இல் தாகூர் நூற்றாண்டையொட்டி, அவருடைய கவிதை ஒன்றை அடிப்படையாகக் கொண்டு 'சாமான்ய க்ஷதி' என்ற நடன நாடகத்தை அமைத்தார். குளிர்காய்வதற்காக ஏழைகளின் குடிசைகளைக் கொளுத்திய அரசியை, அந்தக் குடிசைகளை மீண்டும் கட்டும் வரை பிச்சையெடுக்க அனுப்பும் அரசனின் கதை அது. தம்பி ரவி சங்கர் அதற்கு இசையமைத்தார். தீண்டாமையைப் பேசும் தாகூரின் 'சண்டாளிகா'வைத் தழுவி 'பிரகிருதி ஆனந்தா'வையும் உருவாக்கினார்.

1965-இல் கொல்கத்தாவில் மீண்டும் ஒரு கலை மையம் தொடங்கப்பட்டது. அதை அமலா சங்கர் நெடுங்காலம் வழிநடத்தினார். எழுபது வயதை எட்டிய நிலையில், மேடையையும் திரைப்படத்தையும் இணைக்கும் 'சங்கர்ஸ்கோப்' என்ற நிகழ்ச்சியை உதய் சங்கர் அரங்கேற்றினார். திரையில் ஓடிவரும் உருவம் அடுத்த கணம் மேடையில் உயிருடன் நிற்கும். மேடையில் நின்றவர் திரைக்குள் மறைவார். 'கல்பனா'வில் கண்ட வித்தையை, முதுமையிலும் அவர் மேலும் ஒரு படி கொண்டுசென்றார்.

1960-இல் சங்கீத நாடக அகாதெமி விருது, 1962-இல் அகாதெமியின் உயரிய கௌரவமான ஃபெல்லோஷிப், 1971-இல் பத்ம விபூஷண், 1975-இல் விஸ்வபாரதியின் தேசிகோத்தமா என விருதுகள் வந்தன. ஆனால் இறுதி ஆண்டுகளில் உடல்நலம் குன்றியது. குடும்ப வாழ்விலும் பிரிவு ஏற்பட்டது. 1977-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி கொல்கத்தாவில் அவர் காலமானார்.

பெயர் சொல்லாத மரபு

உதய் சங்கரின் நடனம் உண்மையான இந்திய நடனமா என்ற கேள்வி அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுந்தது. சாஸ்திரத் தூய்மையை வலியுறுத்தியவர்கள், மேற்கத்தியப் பார்வையாளருக்காக அழகுபடுத்தப்பட்ட கலவை என அதைக் கருதினர். இந்த விமர்சனத்தில் ஓரளவு உண்மை உண்டு. அவருடைய தொடக்ககால நடனங்கள், இந்தியாவைப் பற்றி ஐரோப்பா கொண்டிருந்த கனவுகளுக்கு இசைந்தே அமைந்தன. எனினும், கதகளியைக் கண்டதும் உலகப் புகழை ஒதுக்கிவைத்து மாணவராக அமர்ந்தவர் அவர். சிவதாண்டவத்தில் தொடங்கி ஆலைத் தொழிலாளியின் உடலுக்கு வந்து சேர்ந்தவரும் அவரே.

விடுதலைக்குப் பின்னர் இந்திய நடனம் பெரும்பாலும் வட்டார வாரியான செவ்வியல் மரபுகளாகவே போற்றப்பட்டது. ஒவ்வொரு மரபுக்கும் குரு வரிசையும் பாடத்திட்டமும் பட்டயமும் அமைந்தன. எந்த வரிசையிலும் சேராத உதய் சங்கரின் முறை, நவீன நடனம், படைப்பு நடனம் என்ற பொதுப் பெயர்களுக்குள் ஒதுங்கியது.

ஆனால் அவருடைய தடங்கள் பல இடங்களில் உள்ளன. சாந்தி பர்தன் உருவாக்கிய லிட்டில் பாலே குழு, மனிதர்களைப் பொம்மைகளாக ஆடவைத்த 'ராமாயணம்' மூலம் புகழ்பெற்றது. நரேந்திர சர்மா தில்லியிலும் சச்சின் சங்கர் பம்பாயிலும் தங்கள் குழுக்களை நடத்தினர். 1951-இல் வெளியான ராஜ் கபூரின் 'ஆவாரா' படத்தின் புகழ்பெற்ற கனவுக் காட்சிக்கு நடனம் அமைத்தவர் சிம்கி. குரு தத்தின் படங்களில் பாடல் காட்சிகள் ஒளியும் நிழலும் அசைவுமாக விரிவதில் அல்மோராவின் பயிற்சியை உணரலாம். மகன் ஆனந்த சங்கர் இசையிலும் மகள் மமதா சங்கர் நடனத்திலும் நடிப்பிலும் தனி அடையாளம் பெற்றனர்.

'கல்பனா'வுக்கும் மறுவாழ்வு கிடைத்தது. சிதைவின் விளிம்பில் இருந்த படச்சுருள், மார்ட்டின் ஸ்கோர்செசி தொடங்கிய உலக சினிமா பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் இத்தாலியின் போலோன்யா நகரில் சீரமைக்கப்பட்டு, 2012-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. நாயகியாக நடித்த அமலா சங்கர், 92 வயதில் அந்த அரங்கில் அமர்ந்து படத்தைப் பார்த்தார். 2020-இல் 101-ஆம் வயதில் அவர் காலமானார்.

அல்மோராவின் கூடம் நிலைக்கவில்லை. வெற்றி பெற்ற மேடை நடனங்களில் பெரும்பாலானவை, அவற்றைப் பார்த்தவர்களின் நினைவோடு மறைந்தன. தோல்வியுற்ற படம் மட்டும் முழுமையாக எஞ்சியிருக்கிறது. சென்னையில் பதிவான அந்தச் சுமார் இரண்டரை மணி நேரத்தில், இமயமலையின் கலைக்கூடமும் இயந்திரமாகும் மனிதர்களும் தோளில் தொடங்கி விரல்நுனியில் முடியும் அந்தக் கை அசைவும் இன்றும் காணக் கிடைக்கின்றன.